‘பாரியா’ என்று தன்னை எழுதிக்கொண்ட ஃப்ளோரா திரிஸ்தான்

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னிக்கு ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்ணைப் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும், “நம்ம பிரச்சினையே தலைக்கு மேல கிடக்கு, இதுல பாரிசுக்கு எதுக்குப் போகணும்?”னு ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலை முதல்லயே சொல்லிடறேன். நம்ம சேரிப் பக்கம் காலே வைக்காம, நம்ம பேரை எடுத்துத் தன் புத்தகத்து அட்டையில போட்டுக்கிட்ட ஒரு எழுத்தாளர் இவர். 1838-இல் பாரிசில் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘ஒரு பறைச்சியின் பயணங்கள்’. எழுதியவர் ஃப்ளோரா திரிஸ்தான். பிரெஞ்சில் அவர் போட்ட சொல் ‘பாரியா’.

இந்தச் சொல்லை நான் முதலில் பார்த்தது கல்லூரியில், ஆங்கிலப் பாடத்தில். ‘ஒதுக்கி வைக்கப்பட்டவன்’ என்று அர்த்தம் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். பின்னால் நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். ‘தமிழ்ச் சொல்: பறையர்’ என்று போட்டிருந்தது. எங்க வீட்டுச் சாதிச் சான்றிதழில் இருக்கிற அதே சொல். உலகத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள்னு நம்ம தமிழறிஞர்கள் பெருமையா ஒரு பட்டியல் வாசிப்பாங்க. அரிசி உண்டு, கட்டுமரம் உண்டு, மிளகுத்தண்ணி உண்டு. இதை மட்டும் மேடையில் யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊர் சொல்லாத கதையை நாமதானே சொல்லணும்.

சொல் எப்படிப் போச்சுன்னு முதலில் பார்ப்போம். 16ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்த போர்ச்சுகீசியர்கள் இதை எழுதி வைத்தார்கள். அவர்களிடமிருந்து மற்ற ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. போகிற வழியிலேயே பொருளும் மாறிப்போனது. இங்கே அது ஒரு குறிப்பிட்ட சாதியின் பெயர். நிலத்தில் உழைத்த, தறி நெய்த, பறை கொட்டிய மக்களின் பெயர். அங்கே சாதியே இல்லாதவன், எல்லாராலும் விரட்டப்பட்டவன் என்று ஆகிவிட்டது. 1791-இல் பெர்னார்தன் த சேன்-பியேர் என்கிற எழுத்தாளர் ‘இந்தியக் குடிசை’ என்று ஒரு கதை வெளியிட்டார். உண்மையைத் தேடி உலகம் சுற்றுகிற ஓர் ஆங்கிலேய அறிஞர், பண்டிதர்களிடமும் பார்ப்பனர்களிடமும் கிடைக்காத உண்மையை, மழைக்கு ஒதுங்கிய பறையர் குடிசையில் கண்டடைகிறார். அந்தப் பறையரின் மனைவி, உடன்கட்டைக்குத் தப்பி வந்த பார்ப்பன விதவை. எழுதியவர் மொரீஷியஸ் வரைக்கும் வந்தவர், இந்தியாவைப் பார்த்ததில்லை. 1821-இல் கசிமிர் தெலவின்யி ‘பாரியா’ என்ற பெயரிலேயே நாடகம் போட்டார். 1824-இல் ஜெர்மனியில் கோத்தே பாரியா பற்றிக் கவிதைகள் வெளியிட்டார். இப்படி நாம் யாருமே இல்லாமல் ஐரோப்பிய மேடையில் நம்ம பேர் மட்டும் நடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பேரைத்தான் ஃப்ளோரா எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டார். அவருக்கு அதற்கு என்ன காரணம் இருந்தது?

1803 ஏப்ரல் 7 அன்று பாரிசில் பிறந்தார். அப்பா மரியானோ திரிஸ்தான், பெரு நாட்டின் பெரிய பணக்காரக் குடும்பத்தில் வந்த படை அதிகாரி. அம்மா பிரெஞ்சுக்காரர். பாதிரியார் முன்னால் கல்யாணம் நடந்தது, சட்டப்படி பதிவாகவில்லை. 1807-இல் அப்பா இறந்தார். பதிவு இல்லாததால் அம்மா மனைவி இல்லை, நாலு வயசு ஃப்ளோரா முறையான மகள் இல்லை. வீடு போனது, சொத்து போனது. ஒரு காகிதம் இல்லாததால் ஒரு குழந்தை ஒரே நாளில் ‘வழியில் பிறந்தது’ ஆகிவிட்டது. பட்டா இல்லாத நிலத்தில் தலைமுறையா குடியிருக்கிற நமக்கு, காகிதம் எப்பேர்ப்பட்ட ஆயுதம்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வயிற்றுப் பாட்டுக்கு ஆந்திரே ஷசால் என்பவரின் அச்சுப் பட்டறையில் படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலைக்குப் போனார். 1821-இல், பதினேழு வயதில், அந்த முதலாளிக்கே மனைவி ஆனார். அடி, கடன், சண்டை. இரண்டு குழந்தைகளோடு, மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது, 1825-இல் வீட்டை விட்டு வெளியேறினார். வெளியேறலாம், விலக முடியாது. ஏனென்றால் புரட்சி கொண்டுவந்த விவாகரத்துச் சட்டத்தை, மன்னராட்சி திரும்பி வந்ததும் 1816-இல் ரத்து செய்துவிட்டார்கள். மறுபடி அது வர 1884 வரை பிரான்ஸ் காத்திருந்தது. சட்டத்தின் கண்ணில் ஓடிப்போன மனைவி, குற்றவாளி. கணவன் கேட்டால் குழந்தையைக் கொடுக்கணும். பேரை மாத்தி, விதவைன்னு பொய் சொல்லி, ஊர் ஊராய் ஒளிஞ்சு வாழ்ந்தார். பிரான்சிலேயே நான் பாரியா என்று அவர் எழுதியது இந்த வாழ்க்கையை வைத்துத்தான்.

1833-இல், சரியாகத் தன் முப்பதாவது பிறந்த நாளன்று, போர்தோ துறைமுகத்தில் கப்பல் ஏறினார். பெருவில் இருக்கும் சித்தப்பா பியோ திரிஸ்தானிடம் அப்பாவின் பங்கைக் கேட்கப் போனார்.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்னு பார்க்கணும், தோழர்களே. கப்பல் வழியில் கேப் வெர்டே தீவுகளில் பிராய்யா என்ற ஊரில் நின்றது. அடிமை வியாபாரத்தில் வாழ்ந்த ஊர். அங்கே அடிமைகள் அடிபடுவதைப் பார்த்து ஃப்ளோரா கொதித்துப் போகிறார். ஆனால் அதே பக்கங்களில், கறுப்பர்களின் உடம்பு வாடை தனக்குக் குமட்டுகிறது என்றும் கூசாமல் எழுதுகிறார்.

படிச்சுட்டுப் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். தன்னைப் பாரியான்னு சொல்லிக்கிட்டவர், வாடை அடிக்குதுன்னு மூக்கைப் பொத்தறார். அந்த வாடைக் கதையை நாம எத்தனை தரம் கேட்டிருக்கோம்! பள்ளிக்கூடத்தில், பேருந்தில், வாடகைக்கு வீடு கேட்கப் போன வாசலில். அடுத்தவன் வலியை உவமையா எடுத்துக்கறது சுலபம். அடுத்தவன் பக்கத்துல உக்கார்றதுதான் கஷ்டம். ஃப்ளோராவுக்கும் அது கஷ்டமாத்தான் இருந்திருக்கு. இதை மறைச்சுட்டு அவருக்கு மாலை போட நான் வரலை.

மறுபடி எடுத்துப் படித்தேன். பெருவில், அரெக்கிப்பா நகரில், சித்தப்பா அன்பாகத்தான் வரவேற்றார். பங்கு என்றதும் சட்டம் பேசினார்: பதிவில்லாத கல்யாணத்தின் பிள்ளைக்குப் பங்கு கிடையாது. ஒரு சிறு உதவித்தொகை மட்டும் தருகிறேன் என்றார். சொத்து தேடிப் போனவர் கண் திறந்து நாட்டைப் பார்க்க ஆரம்பித்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. படைக்கு முன்னால் நடந்துபோய்க் கூடாரம் அடித்து, உணவு தேடி, சமைத்துப் போட்டு, குழந்தையையும் சுமந்த ‘ரபோனாக்கள்’ என்ற செவ்விந்தியப் பெண்களைப் பற்றி எழுதுகிறார். பெண் பலவீனமானவள் என்று சொல்கிறவர்கள் இவர்களை வந்து பார்க்கட்டும் என்பது அவர் வாதம்.

திரும்பும் வழியில், 1834-இல், லிமாவுக்குப் பக்கத்தில் சொர்ரியோஸ் என்ற ஊர்ப்பக்கம் ஒரு கரும்பு ஆலைக்குப் போகிறார். நூற்றுக்கணக்கான அடிமைகள் வேலை செய்த இடம். முதலாளி படித்தவர், நாகரிகமாகப் பேசுகிறவர். சவுக்கு இல்லாமல் இவர்கள் வேலை செய்ய மாட்டார்கள் என்கிறார். ஃப்ளோரா விடாமல் எதிர்வாதம் செய்கிறார். நம்ம ஊர்ப் பண்ணையார்களும் இதே பாட்டைத்தானே பாடினாங்க? அங்கே ஒரு இருட்டுக் கொட்டடியில் இரண்டு கறுப்பினப் பெண்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். குற்றம்? பால் கொடுக்காமல் தங்கள் குழந்தைகளைச் சாகவிட்டது. ஒரு பெண் தலையை நிமிர்த்தி ஃப்ளோராவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பார்வையை ஃப்ளோரா மொழிபெயர்த்து எழுதினார்: என் பிள்ளை உன்னைப் போல விடுதலையாய் இருக்கப் போவதில்லை, அடிமையாய் வாழ்வதைவிட அது செத்ததே மேல்.

அவள் நிஜமாகவே அப்படி நினைத்தாளா? நமக்குத் தெரியாது. மொழிபெயர்த்தவர் வெளியே இருந்து வந்தவர், வெள்ளைக்காரர், கொஞ்ச நேரத்தில் குதிரை ஏறிப் போய்விடுவார். அந்த இரண்டு பெண்களின் பேரும் அவர் புத்தகத்தில் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிங்க. அந்த மொழிபெயர்ப்பில் ஃப்ளோரா தன்னை எங்கே நிறுத்துகிறார்? ‘உன்னைப் போல விடுதலையாய்’ என்று அந்தப் பெண் சொல்வதாக எழுதும்போது, தான் அந்தக் கொட்டடிக்கு வெளியே நிற்பவள் என்று ஒப்புக்கொள்கிறார். பாரியா, பாரியா என்று தன்னைச் சொல்லி வந்தவர், இந்த இடத்தில் தன்னைவிடக் கீழே அழுத்தப்பட்டவளின் கண்ணால் தன்னைப் பார்க்கிறார். பிராய்யாவில் மூக்கைப் பொத்தினவர் ஒரு வருஷத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். என்னைப் பொறுத்தவரை அந்தப் புத்தகத்தின் உண்மையான பயணம் இதுதான்.

1838-இல் புத்தகம் வந்தது. பெரு நாட்டு மக்களுக்கே அதைக் காணிக்கையாக்கி, அவர்கள் மேல்தட்டின் யோக்கியதையையும் அதிலேயே போட்டு உடைத்தார். லிமாவிலும் அரெக்கிப்பாவிலும் கொளுத்தினார்கள். சித்தப்பா உதவித்தொகையை நிறுத்தினார். அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று பாரிஸ் தெருவில் கணவன் ஷசால் அவரைத் துப்பாக்கியால் சுட்டான். அதற்கு முந்தைய வருஷமே, மகள் ஆலினிடம் முறைகேடாக நடந்தான் என்ற புகாரில் கைதாகி வெளியே வந்தவன் அவன். குண்டு நெஞ்சில் தங்கிவிட்டது. கடைசிவரை எடுக்க முடியவில்லை. அவனுக்கு இருபது ஆண்டு கடுங்காவல் கிடைத்தது. விவாகரத்து உரிமையை மீண்டும் கொண்டுவரக் கேட்டு 1837-இல் மனு கொடுத்தவர் ஃப்ளோரா. நெஞ்சில் குண்டோடு 1838-இல் இன்னொரு மனு கொடுத்தார். அது மரண தண்டனையை ஒழிக்கச் சொல்லி. எனக்கு இந்த மனுஷி மேல மரியாதை வந்தது இந்த இடத்துலதான்.

1840-இல் லண்டன் பற்றிய புத்தகம். தொழிற்சாலை, சிறைச்சாலை, பாலியல் தொழிலாளர்கள் இருந்த தெரு எல்லாம் நேரில் போய்ப் பார்த்து எழுதியது. பெண்களை உள்ளே விடாத ஆங்கிலேய நாடாளுமன்றத்துக்குள் துருக்கி ஆண் வேஷத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார்.

அடுத்தது 1843. ‘தொழிலாளர் ஒன்றியம்’ என்கிற சின்னப் புத்தகம். பதிப்பிக்க ஆள் கிடைக்கவில்லை. வீடு வீடாய்ப் போய்ச் சந்தா வாங்கி அச்சடித்தார். காசு கொடுத்தவர்கள் பட்டியலையும் புத்தகத்திலேயே போட்டார். துண்டேந்தி வசூல் பண்ணிப் பத்திரிகை நடத்தற நமக்கு இது பழக்கப்பட்ட வேலைதான். உள்ளே இருக்கிற கணக்கு எளிமையானது. பிரான்சில் ஆணும் பெண்ணுமாக எழுபது லட்சம் தொழிலாளர்கள். ஆளுக்கு வருஷம் 2 ஃபிராங்க். மொத்தம் 1 கோடியே 40 லட்சம் ஃபிராங்க். அதை வைத்து நாடாளுமன்றத்தில் தொழிலாளருக்காகப் பேச ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்து. ஊருக்கு ஊர் ஒரு மாளிகை கட்டு. அதில் குழந்தைகளுக்குப் படிப்பு, முடியாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் இடம். எந்தத் தொழில், எந்தச் சங்கம், எந்த ஊர் என்று பிரிந்து கிடக்காதே, ஒரே வர்க்கமாய்ச் சேர். கம்யூனிஸ்ட் அறிக்கை வந்தது 1848-இல். அதற்கு ஐந்து வருஷம் முன்னால் இது. 1845-இல் மார்க்சும் எங்கெல்சும் ‘புனிதக் குடும்பம்’ நூலில் அவரைத் தாக்கியவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் நம்ம மார்க்சிய வகுப்புகளில் இவர் பேரை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

அந்தப் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்துக்காகத்தான் நான் இவ்வளவும் பேசினேன். அது முழுக்கப் பெண்களைப் பற்றியது, ஆனால் பேசுவது ஆண் தொழிலாளியிடம். மதகுருவும் சட்டம் போட்டவனும் தத்துவஞானியும் சேர்ந்து பெண்ணைப் பாரியாவாக வைத்திருக்கிறார்கள் என்கிறார். அவளுக்குப் படிப்பில்லை, ஒரே வேலைக்குக் கூலி குறைவு, வீட்டில் அடி. முதலாளியிடம் மிதிபடுகிறவனே வீட்டுக்குப் போய் மிதிக்கிறான் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். 1789 உனக்கு மனித உரிமை கொடுத்தது. உன் வீட்டுப் பெண்ணுக்கு அதை நீ கொடு. அவள் விடுதலை இல்லாமல் உன் விடுதலை நடக்காது. இந்த அத்தியாயம் பல தொழிலாளத் தோழர்களுக்குக் கசந்தது.

தோழர்களே, இதை வாசிக்கும்போது எனக்கு 1843 பாரிஸ் ஞாபகம் வரலை. நம்ம தெரு ஞாபகம் வந்தது. ஆதிக்க சாதிக்காரன் வரப்புல வாங்கின அடியை ராத்திரி வீட்ல இறக்கி வெச்ச அப்பன்மார்கள் ஞாபகம் வந்தாங்க. மேடையில அம்பேத்கர், வீட்ல மனுன்னு இருக்கிற தோழர்கள் ஞாபகம் வந்தாங்க. சாதி நிலைப்பதே பெண்ணைக் கட்டுப்படுத்துவதில்தான் என்று 1916-லேயே எழுதியவர் பாபாசாகேப். பெண்ணுக்கு விவாகரத்தும் சொத்தும் தரும் இந்துச் சட்டத் தொகுப்பை முடக்கியதும், 1951-இல் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். விலகியதற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. அவர் பேரைச் சொல்ற இயக்கத்துல பெண்கள் டீ போடவும் கோஷம் போடவும் மட்டும்தானா? இந்தக் கூட்டத்துலயே எண்ணிப் பாருங்க, எத்தனை பெண்கள் உக்காந்திருக்காங்க, எத்தனை பேர் பேசினாங்கன்னு.

1844-இல் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு பிரான்ஸ் முழுக்கக் கிளம்பினார். ஓசேர், திஜோன், லியோன், மார்செய், துலோன், துலூஸ் என்று ஊர் ஊராய்க் கூட்டம். போலீஸ் பின்னாலேயே வந்தது. லியோனில் அவர் காகிதங்களைச் சோதனை போட்டது. தொழிலாளர்கள் மேல் அவருக்குக் கோபமும் உண்டு. நாட்குறிப்பில் அவர்களைக் கடுமையாகவே திட்டி வைத்திருக்கிறார். லியோனில் எலெயோனோர் பிளான் என்ற சலவைத் தொழிலாளிப் பெண் அவருக்குத் தோழியானார். நவம்பர் 14 அன்று, போர்தோவில், காய்ச்சல் கண்டு ஃப்ளோரா இறந்தார். வயது 41. அவர் வாழ்க்கையை 1845-இல் முதலில் புத்தகமாக எழுதியது அந்தச் சலவைத் தொழிலாளிப் பெண்தான். 1848-இல் தொழிலாளர்கள் காசு சேர்த்துக் கல்லறைச் சின்னம் எழுப்பினார்கள். ஓவியர் பால் கோகேன் இவருடைய மகள் ஆலினின் பிள்ளை. அதனால், ‘கோகேனின் பாட்டி’ என்று சொல்லித்தான் பல புத்தகங்கள் இவரை அறிமுகப்படுத்துகின்றன!

கடைசியாக, நம்ம பேருக்கு வருகிறேன்.

பாரிசில் ‘பாரியா’ புத்தகம் விற்ற 1838-இல், புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தன. நிஜமான பறையர்கள் அந்த அரசுக்கே குடிமக்களாய், அங்கே வயலில் நின்றுகொண்டிருந்தார்கள். 1848-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புக்கு ஆள் வேண்டுமே? 1853-இல் மார்த்தினிக் தீவுக்கும் 1854-இல் குவாதலூப் தீவுக்கும் இங்கிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினர் அதில் நிறையப் பேர். உவமையான பாரியா பாரிஸ் மேடையில் கைதட்டு வாங்கினான்; உண்மையான பறையன் கப்பலின் அடித்தளத்தில் போனான். ஃப்ளோராவின் புத்தகத்தில் இவர்கள் இல்லை. அது அவருடைய குறை மட்டுமில்லை, அந்தச் சொல்லை வாய் கூசாமல் பயன்படுத்திய ஒரு கண்டம் முழுவதின் குறை. இன்றைக்கும் ஆங்கிலச் செய்தித்தாளில் ஏதாவது நாட்டை ஒதுக்கி வைத்தால் ‘பாரியா நாடு’ என்று எழுதுகிறார்கள். யாருடைய பேர் அது என்று கேட்பாரில்லை.

நம்மவர்கள் அந்தப் பேரை என்ன செய்தார்கள்? இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பேர் வைத்தார். எதைச் சொல்லி இழிவுபடுத்தினாயோ அதையே தலைப்பாகக் கட்டிக்கொண்டு உன் முன்னால் நிற்பேன் என்றார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பேரே எதிரிகள் ஒட்டிய பேர், எனக்கு வேண்டாம் என்றார்; 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். எடுத்ததும் நம்மவர், எறிந்ததும் நம்மவர். இரண்டுமே நம் உரிமை. அவரவர் பேரை அவரவர் வைத்துக்கொள்ளும் உரிமை.

அப்படியானால் ஃப்ளோராவை என்ன செய்வது? கேட்காமல் எடுத்தார், அது உண்மை. எடுத்த பேரை வைத்து அழுதுவிட்டுப் போகவில்லை, அதுவும் உண்மை. ‘நான் பாரியா’ என்று தொடங்கியவர், ஐந்தே வருஷத்தில் ‘நாம் ஒன்றியம்’ என்று வந்து நின்றார். நடுவில் ஒரு கொட்டடி இருந்தது, அதில் பேர் தெரியாத இரண்டு தாய்மார்கள் இருந்தார்கள். தன் வலியிலிருந்து தன்னைவிட வலி கூடியவர் வரைக்கும் நடந்து போன தூரம்தான் அவருடைய அரசியல்.

நமக்கும் ஒரு தூரம் பாக்கி இருக்கு. நம்ம தெருவுக்குக் கீழே இன்னொரு தெரு இருக்கு. நம்ம வீட்டுக்குள்ளேயே அடுப்படி இருக்கு. அங்கே இருந்து நம்மைப் பார்க்கிற பார்வை என்ன சொல்லுதுன்னு ஊகிச்சு எழுத வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. அவங்க பக்கத்துலயே இருக்காங்க. கேட்டாப் போதும், அவங்களே சொல்வாங்க.

அடுத்த கூட்டத்துல நான் கேக்கிற பக்கம் உக்கார்றேன்.